எண்ணெயில் எத்தனை வளையம்?

இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி நூற்பாலைகளில் ‘மியூல்’ என்றொரு இயந்திரம் இருந்தது. நூற்றுக்கணக்கான கதிர்களைச் சுமந்த அதன் வண்டி, தண்டவாளத்தில் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்தால் தொழிலாளி அந்த வண்டியின் மேல் குனிந்து, கையை நீட்டி, அறுந்த இரு முனைகளையும் விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும். கதிர்களுக்கு இடும் எண்ணெய் தரையெங்கும் சிந்திக்கிடக்கும். வழுக்காமல் இருக்க வெறுங்காலோடு நடப்பார்கள். குனியும்போதெல்லாம் வண்டியின் கம்பி தொடையிடுக்கில் அழுந்தும். கால்சட்டை எண்ணெயில் ஊறியிருக்கும். பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. மான்செஸ்டர் மருத்துவமனை ஒன்றின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து 1922-இல் வெளியான ஆய்வொன்று, இந்த நோயோடு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மியூல் நூற்பாளர்கள் என்று சொன்னது.

புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்கு வளர்ந்த பின் இதே நோய் வருவதை பெர்சிவல் பாட் என்ற லண்டன் மருத்துவர் 1775-லேயே எழுதிவிட்டார். அங்கே குற்றவாளி புகைக்கரி. இங்கே எண்ணெய். ஆனால் எல்லா எண்ணெயும் இதைச் செய்யவில்லை. 1953-இல் பிரிட்டன் அரசு சட்டம் கொண்டுவந்தபோது எண்ணெயையே தடை செய்யவில்லை. தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு எண்ணெய், அல்லது நன்றாகச் சுத்திகரித்த ‘வெள்ளை எண்ணெய்’ மட்டுமே கதிர்களுக்கு இட வேண்டும் என்றது. வெள்ளை எண்ணெயும் பூமிக்கடியிலிருந்து வந்த அதே கனிம எண்ணெய்தான். சுத்திகரிப்பில் அதிலிருந்து எதை எடுத்துவிட்டார்கள்?

விடையின் ஒரு பாதி ஏற்கெனவே ஜப்பானில் கிடைத்திருந்தது. டோக்கியோவில் யமகிவா கட்சுசபுரோவும் இச்சிகவா கோய்ச்சியும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தடவினார்கள். ஓரிரு நாள் இடைவெளியில், மாதக்கணக்கில், விடாமல். 1915-இல் அந்தக் காதுகளில் புற்றுக்கட்டி வளர்ந்துவிட்டதை உலகுக்குக் காட்டினார்கள். மறுபாதியைத் தேடியவர்கள் லண்டனில் எர்னஸ்ட் கென்னவேயின் குழுவினர். தாரில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள். அதில் எது புற்றை உண்டாக்குகிறது? புற ஊதா ஒளியில் தார் ஒளிரும் விதத்தை அவர்கள் துப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். புற்றை உண்டாக்கும் பகுதிகள் எல்லாம் ஒரே மாதிரியான நிறமாலைக் கோடுகளைக் காட்டின. எரிவாயு ஆலையிலிருந்து இரண்டு டன் தார்க்கசடை வரவழைத்து, பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் சில கிராம் மஞ்சள் படிகத்தை எடுத்தார்கள். 1933-இல் அதன் பெயர் அச்சில் வந்தது: பென்சோபைரீன். ஐந்து வளையங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஓர் அரோமேட்டிக் சேர்மம்.

ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து வட்டமாக நின்றால் அது பென்சீன் வளையம். இங்கே பேசும் அரோமேட்டிக் சேர்மங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஒரே வளையம் என்றால் பென்சீன், டொலுயீன், சைலீன். இரண்டு வளையம் சேர்ந்தால் நாப்தலீன். துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டை. மூன்று, நான்கு, ஐந்து என்று போகப்போக மூலக்கூறு கனக்கும், கொதிநிலை ஏறும். பென்சீன் 80 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பென்சோபைரீனுக்கு 500 டிகிரியை நெருங்க வேண்டும்.

இந்தக் கொதிநிலை வித்தியாசத்தில்தான் பெட்ரோலியப் பொருள்களின் நச்சுத்தன்மைக் கதை முழுவதும் தொங்குகிறது. சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெயைக் கொதிநிலை வாரியாகப் பிரிக்கிறது. சுமார் 200 டிகிரிக்குள் ஆவியாவது பெட்ரோலுக்குப் போகிறது. அதற்கு மேலே மண்ணெண்ணெய், டீசல், அதற்கும் மேலே மசகு எண்ணெய், அடியில் தங்குவது ஃபர்னஸ் ஆயிலும் தாரும். ஆகவே பெட்ரோலில் பென்சீன் இருக்கும்; ஐந்து வளையச் சேர்மம் தேடினாலும் அகப்படுவது அரிது. கனமான எண்ணெய்களில் நேர்மாறு. ‘பெட்ரோலியம் உடம்புக்குக் கெடுதலா?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் சிக்கலானது. ஓர் எண்ணெயில் இருக்கும் மூலக்கூறு வகைகளை முழுவதும் எண்ணிப் பட்டியல் போட முடியாது. கனமான எண்ணெய் ஒன்றில் அவை பல்லாயிரக்கணக்கில் இருக்கும். எந்தக் கிணற்று எண்ணெய், எந்த வெப்பத்தில் பிரித்தது, எவ்வளவு சுத்திகரித்தது என்பதற்கேற்ப அந்தக் கலவையும் மாறும். வேதிப்பொருள் சட்டங்கள் இதை ஒப்புக்கொண்டு, கலவை நிலையாக இல்லாத பொருள்கள் என்று ஒரு தனி வகுப்பே வைத்திருக்கின்றன. மருந்தையோ பூச்சிக்கொல்லியையோ பரிசோதிப்பதுபோல் ஒரு மூலக்கூறை எடுத்து, அளந்து, விலங்குக்குக் கொடுத்துத் தீர்ப்பு எழுதுவது இங்கே செல்லாது.

உடம்புக்குள் இவை என்ன செய்கின்றன என்று பார்த்தால், ஏன் வளையத்தை எண்ண வேண்டும் என்பது புரியும். நம் கல்லீரல், தண்ணீரில் கரையாத எதையும் ஆக்சிஜன் ஏற்றிக் கரைய வைத்து வெளியே தள்ளப் பார்க்கும். டொலுயீன் என்பது பென்சீன் வளையத்தோடு ஒரே ஒரு கார்பன் வாலாக ஒட்டியது. அந்த வால்தான் கல்லீரலுக்கு எளிய பிடி. அதை ஆக்சிஜனேற்றி பென்சாயிக் அமிலமாக்கி, ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. டொலுயீன் மூளையை மயக்கும், பஞ்சர் சொல்யூஷன் முகரும் பிள்ளைகளை அது சீரழிக்கும். ஆனாலும் ரத்தப் புற்றுநோயைத் தருவதாக அதற்குப் பெயர் இல்லை. பென்சீனுக்கு அந்த வால் இல்லை. கல்லீரலுக்கு வளையத்தையே தாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி உண்டாகும் ஃபீனாலும் ஹைட்ரோகுயினோனும் ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜைக்குப் போய், அங்குள்ள நொதிகளால் இன்னும் வீரியமான குயினோன்களாக மாறி, ரத்த அணுக்களைப் பெற்றெடுக்கும் தாய் அணுக்களைச் சிதைக்கின்றன. ஒரு கார்பன் இருப்பதற்கும் இல்லாததற்கும் இவ்வளவு வித்தியாசம்.

இந்தச் சிதைவு மனிதர்களிடம் எப்படித் தெரிந்தது என்பதற்கு இஸ்தான்புல் சாட்சி. 1970-களில் முசாஃபர் அக்சோய் என்ற ரத்தநோய் மருத்துவர், தம்மிடம் ரத்தப் புற்றுநோயோடு வருகிறவர்களில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் பலர் இருப்பதைக் கவனித்தார். காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகள். தோலை ஒட்டும் பசையில் கரைப்பானாகப் பென்சீன். பலருக்கு முதலில் ரத்த அணுக்கள் குறைந்தன, பிறகு புற்று வந்தது. பென்சீன் கலந்த பசையைக் கைவிட்ட பின் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ரப்பர்ப் படலம் செய்யும் ஆலைத் தொழிலாளர்களிடமும் இதே முடிவு கிடைத்தது. 1977-இல் அது வெளியானது. பென்சீனைப் பொறுத்தவரை விலங்குகளைவிட மனிதர்களே முதல் சான்று. இது பெருமைப்படத்தக்க விஷயமல்ல. அந்த எண்களுக்குப் பின்னால் பட்டறையில் மூச்சுவிட்டு மாண்டவர்கள் இருக்கிறார்கள்.

பென்சோபைரீன் போன்ற பல்வளையச் சேர்மங்களின் வழி வேறு. கல்லீரலிலும் தோலிலும் நுரையீரலிலும் உள்ள நொதிகள் அதற்கு மூன்று படிகளில் ஆக்சிஜன் ஏற்றுகின்றன. கடைசிப் படியில் கிடைப்பது டி.என்.ஏ.வின் குவானின் என்ற எழுத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும் ஒரு மூலக்கூறு. உடம்பு வெளியேற்ற முயன்றதே ஆயுதமாகிவிடுகிறது. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் பி53 என்ற காவல் மரபணு எந்தெந்த இடங்களில் அடிக்கடி கெட்டிருக்கிறதோ, அதே இடங்களில்தான் இந்த மூலக்கூறு விரும்பிப் போய் ஒட்டுகிறது என்று 1996-இல் காட்டினார்கள். புற்று ஆய்வில் இவ்வளவு நேரடியான தடயம் அபூர்வம்.

ஆக, ஒரே எண்ணெய்க் குடும்பத்துக்குள் இரண்டு வேறு நஞ்சுகள். மூச்சில் புகுந்து மஜ்ஜையைத் தாக்கும் ஒற்றை வளையம். தோலிலும் நுரையீரலிலும் தங்கி மரபணுவைத் தாக்கும் மூன்று முதல் ஏழு வளையம். ஒன்றுக்கான சோதனை மற்றொன்றைக் காணாது.

இனி, ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் வந்து நிற்கிறது. இது புற்றை உண்டாக்குமா என்று எப்படிச் சொல்வது? பழைய வழி, சுண்டெலியின் முதுகு ரோமத்தை மழித்து, வாரத்தில் இரண்டு மூன்று முறை எண்ணெய்த் துளியைத் தடவி, அதன் ஆயுள் முழுவதும், ஏறத்தாழ இரண்டு ஆண்டு, காத்திருப்பது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் பல பத்து எலிகள். நம்பகமான சோதனை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதுவும் ஏமாற்றும். டீசல் வகை எண்ணெய்கள் சில, பல்வளையச் சேர்மம் மிகக் குறைவாக இருந்தும் எலித் தோலில் கட்டியை உண்டாக்கின. காரணம் தோல் எரிச்சல். மாதக்கணக்கில் புண்ணாகிப் புண்ணாகி ஆறிய தோலில் பிந்தி வந்த கட்டிகள் அவை. எரிச்சல் தராத அளவுக்கு எண்ணெயை நீர்க்கச் செய்து தடவினால் கட்டி வரவில்லை. ‘கட்டி வந்தது’ என்ற ஒரே வரிக்குப் பின்னால் இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதை அது கற்றுக்கொடுத்தது.

விரைவான வழியாக வந்தது புரூஸ் ஏம்ஸ் 1970-களில் உருவாக்கிய பாக்டீரியாச் சோதனை. ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே செய்துகொள்ள முடியாத சால்மோனெல்லா பாக்டீரியாவை, அந்தச் சத்து இல்லாத தட்டில் இட்டு, சந்தேகப் பொருளைச் சேர்ப்பார்கள். பொருள் மரபணுவை மாற்றினால் சில பாக்டீரியாக்கள் இழந்த திறனை மீட்டு, புள்ளிபுள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணினால் போதும். எண்ணெய்களிடம் மட்டும் இது தோற்றது, எண்ணெய் அந்த நீர்த்தட்டில் கலக்காதே. 1980-களில் இதைத் திருத்தினார்கள். எண்ணெயை டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானோடு குலுக்கி, பல்வளையச் சேர்மங்களை அதற்குள் இழுத்து, அந்தச் சாற்றை மட்டும் பாக்டீரியாவுக்குக் கொடுத்தார்கள். நச்சை உசுப்பிவிட எலிக் கல்லீரலுக்குப் பதில் ஹாம்ஸ்டர் கல்லீரல் நொதி, அதுவும் வழக்கத்தைவிட எட்டு மடங்கு. முடிவுகள் சுண்டெலித் தோல் முடிவுகளோடு நன்றாகப் பொருந்தின.

இதைவிட எளிய ஒன்று இன்று ஐரோப்பாவில் சட்டத்தை நடத்துகிறது. லண்டன் பெட்ரோலிய நிறுவனம் தந்த முறை. ஐபி 346 என்று பெயர். அதே கரைப்பானோடு எண்ணெயைக் குலுக்குகிறார்கள். கரைப்பானுக்குள் போனதை மறுபடி பிரித்து, உலர்த்தி, தராசில் வைக்கிறார்கள். எடை எண்ணெயில் 3 சதவீதத்துக்குக் குறைவா? ஐரோப்பியச் சட்டப்படி அந்த எண்ணெய்க்குப் ‘புற்றுநோய் உண்டாக்கலாம்’ என்ற முத்திரை வேண்டாம். கூடினால் வேண்டும். பாக்டீரியா இல்லை, எலி இல்லை, வெறும் எடை.

இதில் ஓர் அழகு உண்டு, மறைக்க மாட்டேன். இந்தக் கரைப்பான் ஆளைத் தேர்ந்தெடுக்கும். மூன்று முதல் ஏழு வளையம் கொண்ட, வால் இல்லாத அல்லது குட்டை வால் கொண்ட மூலக்கூறுகளை ஆசையோடு இழுத்துக்கொள்ளும். நீண்ட கார்பன் வால் ஒட்டியவை எண்ணெயிலேயே தங்கும். பெரும்பாலும் புற்றை உண்டாக்குபவையும் முதல் வகையே. அதனால்தான் ஒரு எடைத்தாள், இரண்டு ஆண்டு எலிச் சோதனையின் இடத்தில் நிற்க முடிகிறது. ஆனால் அந்த 3 சதவீதம் இயற்கை போட்ட கோடல்ல. எலித் தோலில் ஏற்கெனவே சோதித்த எண்ணெய்களை வரிசைப்படுத்தி, எங்கே கோடு போட்டால் தீங்கானவையும் அல்லாதவையும் பெரும்பாலும் பிரிகின்றன என்று பார்த்து மனிதர்கள் போட்ட கோடு. புதிய, சேர்மானம் எதுவும் கலக்காத அடிப்படை எண்ணெய்க்கு மட்டுமே அது பேசும்.

நம்மூர் மெக்கானிக் கடைக்கு அது பொருந்தாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டப்பாவில் வரும் புது இன்ஜின் ஆயில் நன்றாகச் சுத்திகரித்ததாக இருக்கலாம். அதே ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வண்டிக்கு அடியில் கருப்பாக வடியும்போது அது வேறு பொருள். பெட்ரோல் எரியும்போது பிறக்கும் பல்வளையச் சேர்மங்கள் அதற்குள் சேர்ந்துவிட்டன. பழைய ஆயில் எலித் தோலில் புற்றை உண்டாக்கியிருக்கிறது. நம் கடைகளில் அதை வெறுங்கையால் வழித்து, பனியன் வேஸ்டால் துடைத்து, அந்தத் துணியையே பேன்ட் பையில் செருகிக்கொள்கிறார்கள். தொடைமேல் நாள் முழுக்க எண்ணெய்த் துணி. பிறகு கையைக் கழுவுவது பெட்ரோலில். தோலின் கொழுப்பைக் கரைத்து, பெட்ரோலில் உள்ளதையும் ஆயிலில் உள்ளதையும் எளிதாக உள்ளே விடுகிற காரியம். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இதைச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

சுத்திகரிப்பில் எடுத்துவிட்ட அந்தப் பொருள் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும். மசகு எண்ணெயிலிருந்து பிரித்த அரோமேட்டிக் சாறு, ரப்பரை இளக்கப் பிரமாதமான பொருள். அதனால் டயருக்குள் போனது. டயர் தேயத்தேய சாலைத் தூசியானது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல் அதற்குக் கடிவாளம் போட்டது: டயர் எண்ணெயில் பென்சோபைரீன் கிலோவுக்கு 1 மில்லிகிராம், குறிப்பிட்ட எட்டுச் சேர்மங்கள் சேர்ந்து 10 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது. ஒரு தொழிலாளியின் உடையிலிருந்து எடுத்த நஞ்சு ஊரார் எல்லோருடைய மூச்சுக்கும் பங்குபோடப்பட்டது தெரியவே இத்தனை காலம் ஆயிற்று.

பட்டியல்களுக்கும் எல்லை உண்டு. தண்ணீரிலோ மண்ணிலோ மீனிலோ பல்வளையச் சேர்மங்களை அளக்கும்போது ஆய்வகங்கள் பெரும்பாலும் பதினாறு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலைப் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1970-களின் நடுவில் தயாரித்தது அது. அளக்கத் தேவையான தூய மாதிரி கடையில் கிடைக்குமா என்பதும் அன்று தேர்வுக்கு ஒரு காரணம். அந்தப் பதினாறும் வால் இல்லாத மூலக்கூறுகள். விறகு, நிலக்கரி எரிந்த புகைக்கு அவை பொருந்தும். பெட்ரோலியத்திலோ வால் முளைத்த உறவினர்கள்தான் பெரும்பான்மை. எண்ணெய்க் கசிவில் பதினாறை மட்டும் அளந்து ‘குறைவு’ என்று எழுதினால், பெரும்பகுதியை எண்ணாமலே விட்டதாகும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி ஃபர்னஸ் ஆயில் கடலில் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அந்தக் கசடை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. பலர் கையில் உறைகூட இல்லை. அந்தக் கரையில் உடல்நலத்தை மதிப்பிடப் போகிறவர் என்ன கேட்க வேண்டும்? பென்சீன் போன்ற இலேசானவை வெயிலில் சீக்கிரம் ஆவியாகிவிடும்; ஆகவே முதல் நாளில் மூச்சு முக்கியம், தலைசுற்றலும் வாந்தியும் கேட்டறிய வேண்டும். பிறகு எஞ்சுவது மணம் குறைந்த, கனத்த பகுதி. பல்வளையங்கள் செறிந்த பகுதியும் அதுவே. நாற்றம் போய்விட்டதால் ஆபத்து போய்விட்டது என்று ஆகாது. அப்போது கேள்வி தோலுக்கும் உணவுக்கும் மாறுகிறது. யார் எத்தனை நாள் அள்ளினார், கழுவ என்ன பயன்படுத்தினார், கழிமுகத்துச் சிப்பியை யார் சாப்பிடுகிறார்? சிப்பியை நான் சும்மா சொல்லவில்லை. மீனின் கல்லீரல் இந்தச் சேர்மங்களை ஓரளவு சிதைத்து வெளியேற்றும். சிப்பிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, சேர்த்து வைத்துக்கொள்ளும்.

அண்மைக்கால ஆய்வுகள் புற்றைத் தாண்டி வேறொரு கேள்விக்கு வந்திருக்கின்றன: கருவில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும்? நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் எலிக் கருவின் குருத்தணுக்களிலும் வரிக்குதிரை மீனின் முட்டைகளிலும் பெட்ரோலியச் சாறுகளைச் சோதித்தார்கள். பல்வளையச் சேர்மம் எவ்வளவு செறிவோ அவ்வளவு பாதிப்பு. இதில் என்னைக் கவர்ந்தது அவர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்த பொருள். இயற்கை எரிவாயுவிலிருந்து செயற்கையாகத் தயாரித்த எண்ணெய் அது. கொதிநிலை பெட்ரோலிய எண்ணெயைப் போலவே இருக்கும், அரோமேட்டிக் வளையம் மட்டும் இருக்காது. அதன் சாறு கருவணுக்களை ஒன்றும் செய்யவில்லை. மியூல் நூற்பாளர்களின் எண்ணெய் முதல் கேட்டுவந்த கேள்விக்கு இதைவிடச் சுத்தமான ஒரு சோதனையை நான் அறியேன்.

இன்னொரு பெரிய முயற்சி 2021-இல் வெளியானது. 141 பெட்ரோலியப் பொருள்களை, இதயம், கல்லீரல், நரம்பு, ரத்தக்குழாய் என 15 வகை மனித அணுக்களில் சோதித்தார்கள். பல்வளையம் செறிந்த பொருள்களே அணுக்களை அதிகம் குலைத்தன. எந்த எண்ணெய் எந்த எண்ணெயோடு சேர்த்து எண்ணத்தக்கது என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலங்குகளைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் தட்டில் வளரும் அணு, கருவைச் சுமக்கும் தாயின் உடம்பல்ல. அங்கே நச்சை உசுப்பும் கல்லீரலும், வடிகட்டும் நஞ்சுக்கொடியும் இல்லை. ஒழுங்குமுறை அமைப்புகள் இதனால்தான் இன்னும் சில விலங்குச் சோதனைகளைக் கேட்கின்றன.

அளவு என்ற கேள்வி எஞ்சுகிறது. இந்தியாவில் பி.எஸ்.6 பெட்ரோலில் பென்சீன் கன அளவில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. வெளிக்காற்றில் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், பென்சோபைரீனுக்கு 1 நானோகிராம் என்று 2009-இல் வரம்பு வைத்தோம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, பென்சீன் 1 மைக்ரோகிராம் இருக்கும் காற்றை ஆயுள் முழுவதும் சுவாசிக்கும் பத்து லட்சம் பேரில் கூடுதலாக ஆறு பேருக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம். நம் வரம்பிலேயே நின்றால் முப்பது பேர். பத்து லட்சத்தில் முப்பது என்பது சிறிதாகப் படலாம். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே சராசரிக் காற்று என்று வைத்துப் போட்ட கணக்கு. பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்து நாள் முழுக்க நிற்பவரின் முகத்தருகே உள்ள காற்று சராசரிக் காற்றல்ல.

அவரை அளக்கவும் வழி இருக்கிறது. உடம்புக்குள் போன பென்சீனின் ஒரு சிறு பங்கு, ஃபீனைல்மெர்காப்டூரிக் அமிலமாகச் சிறுநீரில் வரும். பழைய ஆயிலோடு புழங்கும் மெக்கானிக்கின் சிறுநீரில், பல்வளையச் சேர்மங்களின் தடயமான ஹைட்ராக்சிபைரீனைத் தேடலாம். மூச்சில் போனதையும் தோலில் புகுந்ததையும் சேர்த்தே இவை காட்டும். வேலை தொடங்குமுன் ஒரு மாதிரி, முடிந்தபின் ஒரு மாதிரி எடுத்தால் அன்றைய நாள் தந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். புகைப்பவரா என்று மறக்காமல் கேட்க வேண்டும், பீடியும் சிகரெட்டும் இரண்டு எண்களையும் ஏற்றும். பங்க் ஊழியருக்கும் பட்டறைப் பையனுக்கும் இந்தப் பரிசோதனையை ஆண்டுக்கொரு முறையாவது செய்ய வேண்டிய பொறுப்பு அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவருடையது. முடிவுத்தாளை அவர்கள் கையில் கொடுக்க வேண்டிய பொறுப்பும்தான்.